கொத்தமல்லிக்கு ஒரு கூடு

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் கிறிஸ்துநாயகம் என்ற முழுப்பெயர் ஞானஸ்நானப் பதிவில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. கரையில் அவர் நாயகம். ஐம்பத்தேழு வயது, அலுமாரிக் கதவு மாதிரி மார்பு, நாற்பது வருடக் கடல். அவர் வாயிலிருந்து அதிகமாக வரும் சொல் ‘இல்லை’ என்பது. மகன் ஜஸ்ரின் பத்து வயதில் நாய்க்குட்டி கேட்டான், இல்லை. பதினாறில் கிற்றார் கேட்டான், இல்லை. பத்தொன்பதில் மோட்டார் சைக்கிள், இல்லவே இல்லை. இருபதில், தனக்குக் கடல் சரிவராது, கொழும்புக்குப் போய்க் கைத்தொலைபேசி திருத்தப் பழகட்டுமா என்று கேட்டான். அதற்கும் இல்லை என்றார். அந்த ஒரு இல்லையை மட்டும் அவன் மதிக்கவில்லை. அடுத்த நாள் காலைப் பஸ்சில் ஏறிவிட்டான். அது நடந்து ஆறு வருடம்.

அதற்குப் பிறகு தகப்பனும் மகனும் தொலைபேசியில் பேசியது முழுவதையும் ஒரு பஸ் டிக்கெற்றின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். “சாப்பிட்டியோ?” “ஓம்.” “சரி, கொம்மாட்டைக் குடுக்கிறன்.”

அதனால் அன்றைக்கு ஜஸ்ரின் நேரே தகப்பனின் தொலைபேசிக்கே எடுத்ததும் நாயகத்துக்குத் திக்கென்றது. அவர் கரையில் எஞ்சின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். பக்கத்துப் படகுக்காரன் எமில்ராஜ் தன் எஞ்சினை முடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்துக்குள்ளால் மகனின் குரல் துண்டு துண்டாக வந்தது.

“அப்பா, நான் ருமேனியாவுக்குப் போறன். வேலை சரிவந்திட்டுது. என்ரை இகுவானாவை உங்களிட்டை விட்டிட்டுப் போகலாமோ?”

முதல் பாதி நெஞ்சில் குத்தியது. ருமேனியா எந்தத் திசையில் கிடக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. இரண்டாம் பாதியைக் காது சரியாக வாங்கவில்லை. யமகா, கவாசாக்கி என்கிறமாதிரி இகுவானாவும் ஏதோ ஒரு மோட்டார் சைக்கிள் என்று எடுத்துக்கொண்டார். தான் மறுத்ததைப் பெடியன் சொந்த உழைப்பில் வாங்கி, இப்போது தகப்பனிடமே ஒப்படைக்கிறான்!

“ஓம்,” என்றார்.

“என்னப்பா சொன்னனீங்கள்?”

“ஓம் எண்டன். கொண்டு வா. நான் வடிவாப் பாப்பன்.”

“சரியப்பா,” என்று சின்னக் குரல் வந்தது. பெடியனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது என்று நாயகம் நினைத்தார்.

வீட்டுக்கு வந்த கையோடு வலை வைக்கும் கொட்டிலில் ஒரு மூலையை ஒதுக்கத் தொடங்கினார். மனைவி றோஸ் குசினி வாசலில் ஓரா மீனுக்கு முள்ளு வெட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன, இந்த நேரத்திலை கொட்டிலைக் கவிழ்க்கிறியள்?”

“தம்பி தன்ரை மோட்டச்சைக்கிளை விட்டிட்டுப் போகப்போறானாம். இகுவானாவாம். நல்ல சாமானாய்த்தான் இருக்கும்.”

றோஸ் கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவி, துடைத்து, தன் தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். படத்தில் ஜஸ்ரின் சிரித்துக்கொண்டு நின்றான். அவனுடைய தோளில், தாடைக்குக் கீழே தோல் தொங்க, முதுகு முழுவதும் முள்வரிசையோடு, பச்சைப்பசேலென்று ஒரு ஓணான் இருந்தது. ஓணான் என்றால் வேலியில் தலையாட்டும் ஓணான் இல்லை. அவன் தோளில் தொடங்கிய வால் இடுப்புக்குக் கீழேயும் போனது.

நாயகம் இரண்டு எட்டுப் பின்னால் வைத்து, அங்கே கிடந்த மரவாங்கின் மேல் ஏறி நின்றார்.

“அது படம்,” என்றாள் றோஸ்.

“தெரியும்,” என்றார் நாயகம். இறங்கவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. திருக்கை முள்ளுக்கோ சுறாவின் பல்லுக்கோ ஒருநாளும் அஞ்சாத மனிதர் அவர். ஆனால் பல்லி என்றால் தீர்ந்தது. முப்பது வருடத்துக்கு முன், வலை இழுத்துக்கொண்டு நிற்கும்போது மடித்துக் கிடந்த படங்குச் சீலைக்குள்ளிருந்து ஒரு பல்லி அவர் முழங்கையில் விழுந்தது. அடுத்த கணம் நாயகம் கடலுக்குள். கூட வந்தவர்கள் கை கொடுத்தும் அவர் ஏறவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பல்லி போய்விட்டதா என்று அறிய, “போட்டுதோ? வடிவாப் பாருங்கோ, போட்டுதோ?” என்று கால் மணித்தியாலம் கேட்டுக்கொண்டே மிதந்தார். கரையில் இப்போதும் யாராவது எதையாவது தொலைத்துவிட்டால் மற்றவர்கள், “போட்டுதோ?” என்றுதான் கேட்பார்கள்.

“இப்பவே அவனுக்கு எடுத்து, ஏலாதெண்டு சொல்லு,” என்றார் வாங்கின் மேலிருந்து.

றோஸ் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “இஞ்சேருங்கோ. இருவத்தாறு வருசத்திலை அந்தப் பிள்ளை கேட்டதுக்கு ஒருக்கால் ஓம் எண்டு சொல்லியிருக்கிறியள். அதையும் திருப்பி எடுக்கப்போறியளோ?”

நாயகம் மேலே நின்றபடியே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இறங்கி, “எப்ப வருகுதாம்?” என்று கேட்டார்.

சீவன் வர இரண்டு கிழமை இருந்தது. ஜஸ்ரின் தாயின் தொலைபேசிக்குக் குரல் பதிவுகளாக அனுப்பத் தொடங்கினான். அதற்குப் பெயர் கொத்தமல்லி. கொத்தமல்லி இலையைக் கண்டால் உயிரை விடும் என்பதால் அந்தப் பெயர். கூப்பிடுவது மல்லி. பெண். நாலடி நீளம். உயரமான கூடு வேண்டும், ஏறிப் படுக்க நல்ல தடித்த கொப்பு வேண்டும், ஒவ்வொரு நாளும் தண்ணீரில் குளிக்க வேண்டும். வெயில் காய ஒரு இடம் வேண்டும், அங்கே முப்பத்தைந்து பாகை வெப்பமாவது இருக்கவேண்டும். கொழும்பு அறையில் அதற்காக விசேடமான மின்குமிழ் பூட்டியிருக்கிறானாம்.

அது மே மாதம். நாயகம் பெனியனைப் பிழிந்துகொண்டே இந்தப் பதிவைக் கேட்டார். “இஞ்சை மனிசரே முப்பத்தைஞ்சிலைதான் கிடக்கிறம். அதுக்குச் சூடு காணாதெண்டால் அடுப்புக்குள்ளைதான் வைக்கவேணும்.”

கூட்டுக்கு அளவெடுத்துக்கொண்டு செந்தூரனின் ஒட்டுக்கடைக்குப் போனார். செந்தூரன் இரும்புக் கேற்றுகள் செய்கிற ஆள், இளந்தாரி.

“எட்டடி உயரம், ஆறடி நீளம். கம்பிவலைக் கண் அரை அங்குலத்துக்கு மேலை போகக்கூடாது. கதவுக்கு மேலை ஒரு கொண்டி, நடுவிலை ஒண்டு, கீழை ஒண்டு. பிறகு ஒரு ஆமைப்பூட்டு.”

செந்தூரன் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினான். “என்னண்ணை, கரடி ஏதும் வாங்கப்போறியளோ?”

“ஓணான்.”

“ஓணானுக்கு மூண்டு கொண்டியோ?”

“நீ சொன்னதைச் செய்.”

கூடு வந்து வேப்பமரத்தடியில் இறங்கியது. அதற்குப் பிறகுதான் நாயகத்தின் உண்மையான வேலை தொடங்கியது. நாலடி நீளமான பிளாஸ்ரிக் குழாய் ஒன்றைச் சரிவாகக் கூட்டுக்குள் செலுத்தினார். வெளியே நின்று இலையைப் போட்டால் அது சறுக்கிக்கொண்டு உள்ளே இருக்கும் கோப்பையில் விழும். குளிப்பாட்டுவதற்குத் தோட்டத்துக் குழாயும் அதன் நுனியில் தெளிக்கும் வாயும். பன்னிரண்டு அடி தூரத்தில் நின்று மழை பெய்விக்கலாம். எச்சத்தை இழுக்க, மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியின் நுனியில் ஒரு தகரம். கீழே நழுவும் தட்டு ஒன்று. மூன்று நாள் இரவும் பகலும் அவருக்கு வேறு நினைவில்லை. எல்லாம் முடிந்ததும் றோஸைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிக் காட்டினார். மூன்று பயிற்றங்காய் குழாய்க்குள்ளால் சறுக்கிப் போய்க் கோப்பையில் விழுந்தன. அவருடைய முகத்தில் பெரிய பாரை பிடித்த அன்றைக்கு வரும் வெளிச்சம்.

றோஸ் கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். “இது அதை உள்ளுக்கு வைக்கிற கூடோ, இல்லாட்டி உங்களை வெளியிலை வைக்கிற கூடோ?”

“ரெண்டும்தான்,” என்றார் நாயகம் ஒளிவில்லாமல்.

றோஸ் ஒரு திருத்தம் மட்டும் சொன்னாள். கூட்டின் பாதிக்குத் தென்னோலைக் கிடுகு போட்டு நிழல் செய்யவேண்டும். வெயிலுக்கு ஆசைப்படுகிற சீவனுக்கும் இந்த ஊர் வெயில் ஒரு நாளைக்கு மேல் ஆசையாக இருக்காது. அது நியாயமாகப் பட்டது. கிடுகு ஏறியது.

ஆனால் றோஸுக்கும் ஒரு அடி காத்திருந்தது. வருகிற விருந்தாளிக்கு முதல்நாள் என்ன கொடுப்பது என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்: சூடை மீன் கொஞ்சம், இல்லாவிட்டால் கூனி இறால். அடுத்த குரல் பதிவில் ஜஸ்ரின் சொன்னான், “அம்மா, மீன், இறைச்சி, முட்டை ஒண்டும் குடுக்கக்கூடாது. அது மரக்கறிதான் தின்னும்.”

றோஸ் அதை இரண்டாந்தரம் போட்டுக் கேட்டாள். “மீன் தின்னாத சீவனோ? இந்த வீட்டிலையோ? பெரிய வெள்ளிக்கு வாற பூனையே இஞ்சை மீன் கேக்குது!”

மணல் முற்றத்தில் ஒரு வேம்பும் இரண்டு தென்னையும் தவிர வேறு பச்சை கிடையாது. அப்போதுதான் நாயகத்துக்குப் புத்தூர் நமசிவாயம் நினைவுக்கு வந்தார். போன வருடம் பெரியாஸ்பத்திரியில் கண் வெண்புரை வெட்டியபோது இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒற்றைக் கண்ணில் துணி கட்டிக்கொண்டு, மூன்று நாள் ஒருவருக்கொருவர் ஊர்க்கதை சொன்ன பழக்கம். நமசிவாயம் தோட்டக்காரர், சுத்த சைவம். வெங்காயமும் மரக்கறியும் செய்கிறவர்.

பஸ் ஏறிப் போன நாயகத்தை அவர் வாய்க்கால் வரம்பிலேயே பிடித்துவிட்டார். “எங்கடை வீட்டுக்கு மரக்கறி மட்டும் தின்னுற ஒரு ஆள் வருகுது,” என்று நாயகம் தொடங்கினார்.

நமசிவாயத்தின் முகம் மலர்ந்தது. “அட! ஆர், மருமகளோ? சைவப் பிள்ளையோ?”

“பிள்ளைதான்... பெண்தான்... ஆனால் மருமகள் இல்லை,” என்று தடுமாறி, முழுக்கதையையும் சொல்லி முடித்தார். நமசிவாயம் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு தோட்டக்காரனுக்குரிய அக்கறை வந்துவிட்டது. முருங்கையிலை, செவ்வரத்தை என்கிற செம்பருத்தியின் இலையும் பூவும், பயிற்றங்காய், பூசணி, பப்பாசி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஜஸ்ரினுக்கு அங்கிருந்தே தொலைபேசி எடுத்து எது கூடும், எது கூடாது என்று கேட்டார்கள். பசளிக்கீரை அதிகம் கூடாதாம். நமசிவாயம் நாலு செவ்வரத்தங் கொப்பு வெட்டி, “உந்த மணலிலையும் பிடிக்கும், தண்ணி காட்டினால் சரி,” என்று கட்டிக் கொடுத்தார். “அசைவம் தொடாத ஒரு சீவன் உங்கடை பக்கத்துக்கு வருகுதெண்டால், நான் கட்டாயம் ஒருநாள் வந்து பாக்கவேணும்.”

இனி ஒன்றுதான் மிச்சம். தொடுவது. மாதத்துக்கு ஒருதடவையாவது நகம் வெட்டவேண்டும், தோல் உரிகிறபோது உதவவேண்டும் என்று ஜஸ்ரின் சொல்லியிருந்தான். அதற்குக் குழாய் உதவாது.

வழி கண்டுபிடித்தவள் றோஸ். பரணில் தொங்கிய சுறாக் கருவாட்டுத் துண்டொன்றை எடுத்து, தோல் மேலே வரும்படி அவர் மடியில் வைத்தாள். “தடவுங்கோ.”

“ஏன்?”

“இதுவும் சொரசொரப்பு, அதுவும் சொரசொரப்பு. கை பழகட்டும்.”

விசர்க் கதை என்று சொன்னாலும், அன்றைக்குப் பின்னேரம் நாயகம் முற்றத்தில் கதிரையைப் போட்டுக் கருவாட்டைத் தடவினார். தலையிலிருந்து வால்வரைக்கும், மகன் சொன்ன மாதிரி, முள்ளுக்கு எதிராகப் போகாமல். இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். மூன்றாம் நாள் கருவாட்டைத் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து எமில்ராஜ் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“என்னண்ணை, தோளிலை கருவாடு?”

“காயவிடுறன்.”

“தோளிலையோ?”

“இஞ்சைதான் வெயில் கூட.”

எமில்ராஜ் அதைக் கரை முழுக்கச் சொன்னான். அவனுக்கு முதலிலிருந்தே இந்த விடயத்தில் ஒரு சந்தேகம்: வருவது உடும்புதான், நாயகம் சட்டத்துக்குப் பயந்து வேறு பெயர் சொல்கிறார், கறி வைக்கும் நாளில் தனக்கு ஒரு பங்கு வரவேண்டும் என்று. இதை இரண்டு தடவை ஆளனுப்பியும் சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டோ வந்து வேலிப் படலையடியில் நின்றது. ஜஸ்ரின் இறங்கினான். மெலிந்திருந்தான், தாடி வைத்திருந்தான். கையில் மூடி கட்டிய பெரிய பிளாஸ்ரிக் உடுப்புக் கூடை. றோஸ் ஓடிப்போய் மகனைக் கட்டிப் பிடித்தாள். கூடையை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டுதான். நாயகம் பன்னிரண்டு அடி தூரத்தில், தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி, ஆயத்தமாக நின்றார். “வா தம்பி,” என்றார். கண் கூடையில் இருந்தது.

ஜஸ்ரின் கூட்டைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான், கொண்டிகளைப் பார்த்தான். “இதெல்லாம் நீங்கள் செய்ததோ அப்பா?”

“சும்மா,” என்றார் நாயகம்.

ஜஸ்ரின் முழங்காலில் இருந்து கூடையின் கயிற்றை அவிழ்த்தான். மூடியை மெல்லத் தூக்கினான். உள்ளே பச்சையாக ஏதோ அசைந்தது. அந்த நேரம் எமில்ராஜ் எப்படித்தான் முற்றத்துக்குள் வந்தானோ, கூடைக்கு மேலே குனிந்து, தொலைபேசியை நீட்டிப் படம் எடுத்தான். பளீரென்று வெளிச்சம் அடித்தது.

மல்லி பாய்ந்தாள்.

பயந்த இகுவானா உயரமான இடத்தைத் தேடும். மரமென்றால் மரம், மதிலென்றால் மதில். அந்த முற்றத்தில் வேப்பமரம் இருபது அடி தள்ளி நின்றது. பன்னிரண்டு அடியில் நாயகம் நின்றார். மணலில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. அவர் ஒன்றை யோசிப்பதற்கு முன்னமே அது கணுக்காலில் ஏறி, சாரத்தில் ஏறி, வயிற்றைத் தாண்டி, மார்பைத் தாண்டி, இடது தோளில் போய் இருந்துகொண்டது. வால் முதுகில் தொங்கியது. நகங்கள் சட்டைக்குள்ளாலும் தோலுக்குள்ளாலும் இறங்கின.

நாயகத்தின் கையிலிருந்த குழாய் அவருடைய கால்களுக்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. ‘அருள் நிறைந்த மரியே’ என்று மனதுக்குள் தொடங்கினார். அடுத்த வரி வரவில்லை. வாழ்நாள் முழுக்கச் சொன்ன மந்திரம், ஒரு எழுத்தும் வரவில்லை. ‘இது கருவாடு,’ என்று தனக்குத்தானே சொன்னார். ‘பெரிய கருவாடு. சூடான கருவாடு.’

ஜஸ்ரின் கிட்ட வந்து கையை நீட்டினான். மல்லி இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“இழுக்காதை! இழுக்காதை!” உதடு அசையாமல் நாயகம் கத்தினார்.

“பயந்திருக்குதப்பா. அசையாமல் நிண்டால் தானாய் இறங்கும்.”

“எவ்வளவு நேரம்?”

“அது... சிலநேரம் ஒரு மணித்தியாலம்.”

றோஸ் எமில்ராஜை அகப்பையோடு துரத்திவிட்டு வந்து, தண்ணீரை நிறுத்தி, ஒரு குடையை விரித்து இருவருக்கும் மேலே பிடித்தாள். நாயகம் கதிரையில் இருக்கப் பார்த்தார். சாய்ந்தால் நகம் இறங்கியது. நின்றார். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் மணம் வந்ததும் றோஸ் குடையை மகனின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

ஒரு குடைக்குக் கீழே தகப்பனும் மகனும் நின்றார்கள். இவ்வளவு கிட்ட நின்று பல வருடம். எதையாவது கதைக்கவேண்டியிருந்தது.

“ருமேனியா எங்கை கிடக்கு?”

“ஐரோப்பாவிலை.”

“கடல் கிடக்கோ?”

“ஒரு பக்கத்திலை கிடக்காம். நான் போற இடத்திலை இல்லை. கோழி வெட்டுற ஃபக்ரறி.”

“நீ போன் திருத்திறவன். கோழி ஏன் வெட்டுறாய்?”

கதை இந்த மாதிரி ஒரு இடத்துக்கு வந்தால் நாயகம் வழக்கமாக எழும்பிவிடுவார். கிழிசல் பொத்த வலை கிடக்கும், எஞ்சின் கிடக்கும், கரையில் யாரோ காத்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கும் அவருடைய கண் படலைப் பக்கம் போனது. ஆனால் தோளில் நாலடிச் சீவனை வைத்துக்கொண்டு எங்கே போவது? நின்றார்.

“எல்லாரும் போகினமப்பா,” என்றான் ஜஸ்ரின் கடைசியில். “கடையிலை என்னோடை நிண்ட மூண்டு பேரும் போட்டாங்கள். மல்லியை எனக்குத் தந்தவன் கட்டாரிலை. அவனுக்குக் குடுத்தவன் இத்தாலியிலை. உது ஆரின்ரை கையிலை வருகுதோ அவன்தான் அடுத்ததாய்ப் போவான் எண்டு பகிடி பண்ணுவாங்கள்.”

“உனக்குப் போக விருப்பமோ?”

அந்தக் கேள்வியை யாரும் இதுவரைக்கும் அவனிடம் கேட்கவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நாயகம் அரைவாசிதான் பார்த்தார். கழுத்தைத் திருப்ப முடியாது.

“ஒண்டு சொன்னால் கோவிக்கமாட்டியளோ?”

“கோவிச்சு இப்ப நான் என்னத்தைச் செய்யிறது?”

“நீங்கள் இல்லையெண்டு சொல்லுவியள் எண்டுதான் உங்களிட்டைக் கேட்டனான். அம்மா எண்டால் ஓம் எண்டிடுவா. உங்களுக்குப் பல்லியெண்டால் என்ன மாதிரியெண்டு எனக்குத் தெரியாதோ? கட்டாயம் இல்லையெண்டுதான் சொல்லுவியள். பிறகு ஏஜென்சிக்காரனிட்டை, இதைப் பாக்க ஆளில்லை, விட்டிட்டு வர ஏலாது எண்டு சொல்லிப்போட்டு நிக்கலாம் எண்டு நினைச்சன்.” அவன் குடைக் கம்பைக் கை மாற்றிப் பிடித்தான். “நீங்கள் ஓம் எண்டிட்டியள்.”

நாயகம் இருபத்தாறு வருடம் இல்லை இல்லை என்று வாரி இறைத்தவர். பெடியன் ஒரேயொரு இல்லைக்காக வாசலில் வந்து நின்ற அன்றைக்கு மட்டும் கையிருப்பில் இல்லாமல் போய்விட்டது.

“நான் மோட்டச்சைக்கிள் எண்டு நினைச்சன்ரா,” என்றார்.

“என்ன?”

“இகுவானா. யமகா மாதிரி ஏதோ எண்டு நினைச்சிட்டன்.”

ஜஸ்ரினுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான். குடை ஆடியது, மல்லி தலையைத் தூக்கினாள்.

“சிரிக்காதை! நகம்! நகம்!” என்றார் நாயகம். ஆனால் அவருடைய வயிறும் குலுங்கத் தொடங்கிவிட்டது. நகம் ஏற ஏற, “ஆ, ஆ,” என்று கத்திக்கொண்டே சிரித்தார். குசினி யன்னலால் எட்டிப் பார்த்த றோஸ், இரண்டு பேருக்கும் வெயில் பிடித்துவிட்டது என்று நினைத்தாள்.

சிரிப்பு ஓய்ந்ததும் நாயகம் தொண்டையைச் செருமினார். “சரி. அப்ப இப்ப சொல்லுறன். இல்லை.”

“என்னப்பா?”

“நீ போகேலாது. நான் விடேல்லை. ஏஜென்சிக்காரனிட்டைப் போய், அப்பா விடுறாரில்லையெண்டு சொல்லு. கேக்கிற எல்லாருக்கும் அதையே சொல்லு. எல்லாரும் நம்புவாங்கள். உனக்குப் போக விருப்பமெண்டால், நான் சொன்னது காதிலை விழேல்லையெண்டு நினைச்சுக்கொண்டு போ. மல்லியை நான் பாப்பன். கூடு கிடக்கு, குழாய் கிடக்கு.”

ஜஸ்ரின் குடையைத் தகப்பன் பக்கம் கூடச் சரித்துப் பிடித்தான்; அவனுடைய ஒரு தோள் வெயிலில் நின்றது.

அந்த நேரம் மல்லி வாலை உயர்த்தினாள். நாயகத்தின் முதுகில், தோளிலிருந்து சாரக்கட்டு வரைக்கும், வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது.

“என்ன அது?”

“ஒண்டுமில்லையப்பா,” என்றான் ஜஸ்ரின். “பயம் தெளிஞ்சிட்டுது எண்டு அர்த்தம்.”

பாரம் குறைந்த மல்லி, ஒன்றும் நடக்காதவள் போல ஜஸ்ரின் நீட்டிய கைக்கு மாறினாள். கூட்டுக் கதவின் மூன்று கொண்டிகளையும் இழுத்து ஆமைப்பூட்டையும் திறந்து முடிப்பதற்குள் அவள் அவன் கையில் நித்திரையாகிவிட்டாள். நாயகம் குளிக்கப் போனார். பன்னிரண்டு அடிக் குழாயால் றோஸ்தான் அவரைக் கழுவிவிட்டாள்.

ஜஸ்ரின் இரண்டு நாள் யோசித்தான். கூட்டருகே இருந்தான், செவ்வரத்தங் கொப்புகளை நட்டான், ஒருதடவை கரைவரைக்கும் நடந்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள் காலை ஏஜென்சிக்கு எடுத்தான். அவன் முற்றத்தில் நின்று சத்தமாகச் சொன்னது உள்ளே வலை பொத்திக்கொண்டிருந்த நாயகத்துக்குக் கேட்டது: “இல்லை அண்ணை, அப்பா விடுறாரில்லை. ஓம், சரியான பிடிவாதக்காரர். ஒண்டும் செய்யேலாது.” நாயகம் தலையைக் குனிந்துகொண்டு ஒரு முடிச்சைத் திரும்பத் திரும்பப் போட்டார்.

மாதம் முடிய ஜஸ்ரின் சந்தியில் கொப்பி, பேனை விற்கும் ஒரு கடையின் முன்பக்கத்தை வாடகைக்கு எடுத்துக் கைத்தொலைபேசி திருத்தத் தொடங்கினான். மல்லியைப் பார்க்க இப்போது ஜஸ்ரினே வீட்டில் இருந்தான். ஆனால் அவளுக்கு நாயகத்தின் தோள்தான் பிடித்திருந்தது; அது மற்றத் தோள்களைவிட அகலமாக இருந்ததால் இருக்கலாம். பின்னேரங்களில் அவர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு முற்றத்தில் உலாத்துவார். இலை போடும் குழாய் பாவனையில்லாமல் கிடந்து, அதற்குள் ஒரு பல்லி குடி வந்தது. அதற்குப் பிறகு அவர் கூட்டின் அந்தப் பக்கம் போவதில்லை. றோஸ் கேட்டால், “அது வேறை, இது வேறை,” என்பார். சொன்னபடி நமசிவாயம் ஒரு வெள்ளிக்கிழமை பூசணிக்காயோடு வந்து, மல்லியைப் பார்த்து, “நல்ல அமைதியான பிள்ளை,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கரையில் மட்டும் கதை வேறுவிதமாக ஓடியது. ஒருநாள் காலை எமில்ராஜ் நாயகத்தை வலைக்கு அருகில் பிடித்தான். சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள்.

“அண்ணை, கேக்கிறனெண்டு குறை நினைக்காதையுங்கோ. ஐரோப்பாவுக்குப் போற பிள்ளையை மறிச்சுப்போட்டியள். பெடியன்ரை எதிர்காலத்தையே கெடுத்துப்போட்டியள். ஊரே கதைக்குது. உங்களுக்கு அப்பிடி என்ன பிடிவாதம்?”

நாயகத்துக்கு அவனுடைய முகத்தைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. வரவில்லை என்று காட்டினார். வலையில் சிக்கியிருந்த நண்டை மெல்லக் கழற்றி வாளிக்குள் போட்டார்.

“ஓம்,” என்றார். “நான்தான் விடேல்லை.”

எமில்ராஜ் இன்னும் அரை மணித்தியாலம் புத்தி சொன்னான். நாயகம் எழும்பிப் போகாமல் முழுவதையும் கேட்டார். முடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு, சந்திப் பக்கத்தால் சுற்றி வீட்டுக்குப் போனார். பெடியன் கடை திறந்துவிட்டானா என்று பார்க்க.